ஆற்றோரம் ஏழு நாள்

முதல் நாள்

கிளம்பியாயிற்று. ஓர் ஆற்றின் பாதி வழியில் இறங்கி, அது கடலில் சேரும் இடம் வரை கரையோரமாகவே நடப்பதுதான் திட்டம். சுமார் 60 கிலோமீட்டர். நானும் அக்காவும் மட்டும். ஆற்றின் பெயரையோ ஊர்களின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. எந்த ஆறாக இருந்திருந்தாலும் நாங்கள் வந்த காரணம் இதுதான், செய்யப்போவதும் இதுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வாசனை தெரியாது. 14 மாதம் முன்பு வந்த ஒரு வைரஸ் காய்ச்சலோடு போனது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. கண்ணில் ஏதாவது என்றால் வீடே பதறியிருக்கும். மூக்குதானே, சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்தவள், என் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னாள்: "டேய், எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி இருக்குடா. பாக்கறேன், கேக்கறேன், ஆனா நான் அங்க இல்ல."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு ஐந்து புலன்களும் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆனால் போன செவ்வாய்க்கிழமை என்ன பார்த்தாய், என்ன கேட்டாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நானும் இருந்திருக்கிறேன், எந்தக் காய்ச்சலும் வராமலே.

அக்கா இப்போது ஐந்து மாதமாக மோப்பப் பயிற்சி செய்கிறாள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவரின் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு வாசனைகள். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக எடுத்து, சில விநாடிகள் மெதுவாக முகர வேண்டும். அந்த ஆய்வில் 12 வாரம் செய்தார்கள். மூக்கின் வாசனை நரம்புகள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கக்கூடியவை என்பதால் இதில் நம்பிக்கைக்கு இடமுண்டு. முகரும்போது மனசு வேறெங்கும் போகக் கூடாது, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைவைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ரயிலில் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கட்டைவிரல் உயரத்துக்கு நான்கு பழுப்புக் குப்பிகள். மடியில் துண்டை விரித்து வரிசையாக வைத்தாள். மூடியைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடி, குட்டிக் குட்டியாக இழுத்தாள். புருவம் சுருங்கி, பிறகு தளர்ந்தது. எதிர் இருக்கையில் இருந்த குழந்தை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. நான்காவது குப்பியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"கிராம்புல ஏதோ இருக்கு."

"கிராம்பு வாசனையா அக்கா?"

"அதெல்லாம் தெரியல. ஆனா சும்மா இல்ல."

இரண்டாம் நாள்

12 கிலோமீட்டர். கால் வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலையில் முதல் ஒரு மணி நேரத்தில் 64 படம் எடுத்திருக்கிறேன். மூடுபனி, மூடுபனிக்குள் மரம், அதே மரம் கொஞ்சம் தள்ளி நின்று. அக்கா ஒரு படமும் எடுக்கவில்லை. திடீரென்று கேட்டாள்: "அந்த மரத்துக்குக் கீழ கட்டியிருந்த படகுல தண்ணி ரொம்பியிருந்துச்சே, பாத்தியா?" பார்க்கவில்லை. படத்தைத் திறந்து பார்த்தேன். படகு இருந்தது. பாதி வரை தண்ணீரும், அதில் மிதக்கும் இலைகளும் இருந்தன. நான் அங்கே நின்றிருக்கிறேன், படம் பிடித்திருக்கிறேன், பார்க்கவில்லை.

லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் சிலரைச் சுற்ற விட்டு, சில பொருட்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்தவைதான் குறைவாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு வேலையை விட்டுவிடுகிறது போல. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை. ஆகவே படம் எடுப்பதையே குற்றமாக்க வேண்டியதில்லை. இனி ஒரு நாளைக்கு ஒரே படம், அதுவும் முட்டி போட்டு, கிட்டே போய் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

இன்றைக்கான அந்த ஒரு படம் ஒரு குழி. கரை மேட்டில், மழை படாத ஒரு பாறை நிழலில் பொடி மணல். அதில் சின்னச் சின்னப் புனல் மாதிரி குழிகள், பெரியதே இரண்டு விரல் அகலம்தான். குழியானை! மணலில் குழி பறித்து, அடியில் எறும்புக்காகக் காத்திருக்கும் பூச்சி. சின்ன வயதில் இதைத் தோண்டி உள்ளங்கையில் விட்டு, அது பின்பக்கமாகவே ஊர்வதைப் பார்த்திருக்கிறோம். 35 வருடத்தில் மறுபடி ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. எத்தனை குழிகளை மிதித்துக்கொண்டு போயிருப்பேனோ.

இரண்டு பேரும் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டோம். குழியின் சரிவு மணல் எவ்வளவு செங்குத்தாக நிற்க முடியுமோ அவ்வளவு செங்குத்து. ஒரு மணல் துகள் கூடுதலாகப் பட்டாலும் சரிந்துவிடும். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தது. சரிந்தது. ஏறியது. அடியிலிருந்து விருட்டென்று ஒரு பிடி மணல் மேலே பறந்து வந்து அதன் மேல் விழுந்தது. மறுபடி சரிவு. மூன்றாவது எறியில் தப்பித்து மேலே வந்த எறும்பு, ஒரு கணம் அப்படியே நின்று, மீசையைத் துடைத்துக்கொண்டு தன் வழியில் போனது. அக்கா கை தட்டினாள். குழியின் அடியில் மணல் கொஞ்சம் அசைந்து அடங்கியது. பாவம், அதற்கும் பசிதானே.

எழுந்து பார்த்தால் 25 நிமிடம் போயிருந்தது. அந்த நேரத்தில் நான் வேறு எதையும் நினைக்கவில்லை என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்பதும்.

மூன்றாம் நாள்

அக்கா ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்குத் தோன்றும்போதெல்லாம் என் தோளில் தட்டி "எங்க இருக்க?" என்று கேட்பாள். நான் உண்மையைச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மாலை வரை 20 தடவை தட்டினாள். ஏழு தடவைதான் நான் ஆற்றங்கரையில் இருந்தேன். மற்ற 13 தடவை எங்கெங்கோ. ஆபீசில், கட்ட வேண்டிய தவணையில், ஆறு வருடம் முன்பு ஒரு நண்பனிடம் சொல்லியிருக்கக் கூடாத ஒரு வார்த்தையில். அதில் நான்கு தடவை, இதை ராத்திரி எப்படி எழுதுவது என்ற யோசனையில். கொக்கு ஒன்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருக்கிறது, நான் கொக்கைப் பற்றிய வாக்கியத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஹார்வர்டில் மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஏறக்குறைய அக்காவின் விளையாட்டேதான். 2,250 பேரின் கைபேசியில் ஒரு செயலி. அது நினைத்த நேரத்தில் கூப்பிட்டு, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கும். 46.9 சதவீத நேரம் மனசு கையில் உள்ள வேலையில் இல்லை. என்ன வேலை செய்கிறார்கள் என்பதைவிட, மனசு அதில் இருக்கிறதா என்பதே அவர்களுடைய சந்தோஷத்தை அதிகம் தீர்மானித்தது. மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்யும் வேலையில் இருந்தவர்களைவிட அதிக சந்தோஷமாக இல்லை. எனக்கு வியப்பு அதில்தான். கவலைதான் கெடுக்கும் என்று நினைத்திருந்தேன். நல்ல கனவும் பெரிதாக எதையும் கொடுத்துவிடவில்லை.

அலைவதே தவறு என்று நான் நினைக்கவில்லை. சும்மா கிடக்கும்போதுதான் மூளையின் சில பகுதிகள் சுறுசுறுப்பாகின்றன என்று மார்கஸ் ரெய்க்ல் என்ற மூளை ஆய்வாளரின் குழு 2001-ல் எழுதியது. நினைவை அடுக்குவது, நாளையைத் திட்டமிடுவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. அந்த அலைச்சல் இல்லாமல் வீட்டு வாடகையைக்கூடக் கட்ட முடியாது. கேள்வி அலைவதைப் பற்றியது இல்லை, அலைகிறோம் என்று தெரியாமலே இருப்பதைப் பற்றியது. தோளில் அக்காவின் கை படும் அந்த நொடியில் நான் திரும்பி வருகிறேன். வந்ததும் ஆறு சத்தம் போடுகிறது. அதுவரை அந்தச் சத்தம் எங்கே போயிருந்தது?

மதியம் ஒரு மர நிழலில் உட்கார்ந்தபோது பையில் உலர்திராட்சை இருந்தது. ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய கவனப் பயிற்சி வகுப்புகளில், வந்தவர்களுக்கு முதலில் கொடுத்தது ஓர் உலர்திராட்சையைத்தான். பார், தொடு, முகர், பிறகு நிதானமாகக் கடி என்று. அக்காவிடம் ஒன்றை நீட்டிவிட்டு, அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இன்னும் உமாமி என்கிற ஒன்று, அவ்வளவுதான் தெரியும். அவளோ அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உள்ள வெளிச்சம் போகுது பாரு, தேன் மாதிரி." வாயில் போட்டு ரொம்ப நேரம் வைத்திருந்தாள். "சுருக்கம் ஒவ்வொண்ணா விரியுது. அப்புறம் டப்புனு இனிப்பு." நான் அதற்குள் ஒன்பது தின்றிருந்தேன். அவள் சொன்ன வெளிச்சத்தைப் பார்க்க மிச்சம் இருந்த ஒன்றைத் தூக்கிப் பிடித்தேன். இருந்தது.

நான்காம் நாள்

இன்று நிறைய எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையிலிருந்து இறுக்கம். காற்றே இல்லை. அக்காவுக்கு மனசு சரியில்லை. குப்பிகளை முகர்ந்தபோது எலுமிச்சை எரிந்த ரப்பர் மாதிரி இருக்கிறது என்றாள். வாசனை திரும்பும் வழியில் இப்படி ஆவதுண்டு. புதிதாக முளைத்த நரம்புகள் ஒழுங்காக இணைவதற்குள், நல்லதெல்லாம் கருகலாகவும் அழுகலாகவும் தெரியும். இதற்கு பராஸ்மியா என்று பெயர். ஒன்றுமே இல்லாமல் இருந்ததற்கு இது முன்னேற்றம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "முன்னேற்றமாம்" என்று சொல்லி மூடியை அழுத்தி மூடினாள். நான் ஆறுதல் சொல்ல வாய் எடுத்து, வேண்டாமென்று விட்டேன். பக்கத்தில் நடந்தேன், அவ்வளவுதான்.

பத்து மணி சுமாருக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. கரையில் தகரக் கூரை போட்ட ஒரு படகுக் கொட்டகை. ஓடிப் போய் அதில் நின்றோம். முதலில் தூறல். தூசி படிந்த தரையில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் சின்னதாகத் தூசிக் கிரீடம். புள்ளிகள் சேர்வதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அப்புறம் அது வந்தது. மண்வாசனை.

இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் கூரைக்கடியில் நின்று அக்காவிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் அமைதியைத் தாங்க முடியாமல்தான் என்று இப்போது புரிகிறது. 1964-ல் ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த வாசனையை ஆராய்ந்து அதற்கு பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். வறண்ட காலத்தில் செடிகொடிகளிலிருந்து வரும் எண்ணெய் மண்ணிலும் கல்லிலும் ஊறிக் கிடக்கிறது. கூடவே மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். மிக மிகக் கொஞ்சம் இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். 2015-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மழைத்துளி விழுவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். துளி மண்ணைத் தொடும்போது அடியில் குட்டிக் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்கின்றன, அவை மேலே வந்து வெடித்து, மண்ணில் இருந்ததைக் காற்றில் தெளிக்கின்றன. கொட்டித் தீர்க்கும் மழையைவிடத் தூறலிலும் மிதமான மழையிலும்தான் இது அதிகம் நடக்கிறதாம்.

"கொஞ்சம் சும்மா இருடா."

சும்மா இருந்தேன்.

அக்கா கூரையின் விளிம்புக்குப் போய், மழைக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். குப்பிகளை முகர்வது போலவே குட்டிக் குட்டியாக மூச்சை இழுத்தாள். புருவம் சுருங்கியது. தளரவே இல்லை. தகரத்தில் மழைச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஓர் ஓட்டை வழியாக நீர் ஒழுகிப் பழைய கயிற்றுச் சுருளின் மேல் விழுந்தது. நான் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"டேய்."

"என்ன அக்கா?"

"ஒரு மாதிரி... குளிர்ச்சியா. கீழ்ப்பக்கமா."

"மண்ணா?"

"தெரியல. எரியல. கருகல் இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியுது." கொஞ்ச நேரம் நிறுத்தி, "போயிடுச்சு. இல்ல, இரு. இருக்கு."

அப்படியே மாறி மாறி, போயிடுச்சு, இருக்கு, போயிடுச்சு என்று சொல்லிக்கொண்டே நின்றாள், சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும். அது மண்வாசனைதானா, நினைவு செய்த வேலையா என்று தெரியாது என்று அவளே சொல்கிறாள். எனக்கு அதைத் தீர்த்துவைக்கும் ஆசை இல்லை. நான் பாட்டுக்கு மூச்சை இழுத்தேன். வாழ்நாளில் எத்தனை முதல் மழைகளில் நனைந்திருப்பேன், எத்தனை தடவை "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தையில் கடந்து ஜன்னலைச் சாத்தியிருப்பேன். இன்று அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். கொஞ்சம் பீட்ரூட் மாதிரி. கொஞ்சம் பழைய பானை. அடியில் இரும்பின் நெடி. பிறகு அதுவும் குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. மழை நிற்கவில்லை, வாசனையும் ஒருவேளை போயிருக்காது. மூக்கு பழகிவிட்டது. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும், புதிதாக வருவதற்கு இடம் விட. அதனால்தான் நம் வீட்டு வாசனை நமக்குத் தெரிவதில்லை. விருந்தாளிக்குத் தெரியும்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று 7 கிலோமீட்டர்தான் நடந்தோம். போதும்.

ஐந்தாம் நாள்

நல்ல நாள் இல்லை. காலை பத்து மணிக்கு ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். "ரெண்டு நிமிஷம்" என்று ஆரம்பித்தது, பாறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம். அக்கா தண்ணீர் ஓரமாகத் தனியாக இருந்தாள். நான் முடித்துவிட்டுப் போனபோது, மீன்கொத்தி ஒன்று ஒரே கிளையிலிருந்து பதினோரு தடவை பாய்ந்ததைச் சொன்னாள். மீனைக் கிளையில் அடித்து அடித்துத் தலைப்பக்கமாக விழுங்கியதாம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல். "கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றேன். "கூப்பிட்டேன். கை காட்டி இருன்னு சொன்ன." நான் அப்படிச் செய்தது எனக்கு நினைவே இல்லை. அதற்குப் பிறகு மாலை வரை இருவரும் சரியாகப் பேசவில்லை.

வேலை முக்கியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் வேலைக்கு உண்மையில் தேவைப்பட்டது இருபது நிமிடம். மீதி நேரம், முடிந்த பிறகும் மனசுக்குள் அதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தம் அந்த மீதி நேரத்துக்காக.

இரவு தங்கும் இடத்தில் மின்சாரம் போய்விட்டது. வெளியே படியில் உட்கார்ந்தோம். கைபேசி வெளிச்சம் வேண்டாம் என்றாள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், நடுவில் ஒரு தடவை பளிச்சென்று வெளிச்சம் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து. முதலில் ஏழெட்டு நட்சத்திரங்கள்தான். பிறகு அவற்றுக்கு நடுவில் இன்னும் கொஞ்சம். பிறகு எண்ண முடியவில்லை. "சாரி அக்கா" என்றேன். "மேல பாரு" என்றாள்.

ஆறாம் நாள்

கடல்.

கடைசி 15 கிலோமீட்டர் சதுப்பும் மணலும். ஆறு அகன்று அகன்று, எது கரை, எது தண்ணீர் என்றே தெரியாமல் போயிற்று. நான்கு மணிக்கு முகத்துவாரத்தில் நின்றோம். ஆறு நாளாக மனசில் நான் கட்டி வைத்திருந்த காட்சி இதுதான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு குரல், "இவ்வளவுதானா?" என்றது. மறைக்காமல் எழுத வேண்டுமே என்று எழுதுகிறேன்.

பிலிப் பிரிக்மேன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1978-ல் எழுதிய ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது. பெரிய லாட்டரி அடித்த 22 பேரையும், அடிக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஜெயித்தவர்கள் அப்படியொன்றும் கூடுதல் சந்தோஷமாக இல்லை. அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு மாதிரியான அன்றாடச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மிகச் சின்ன ஆய்வு அது, அதில் எல்லாவற்றையும் ஏற்றிச் சொல்லக் கூடாது. ஆனால் முகத்துவாரத்தில் நின்றபோது அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பெரிய காட்சிக்காக மனசு காத்திருக்க ஆரம்பித்தால், வழியில் இருப்பதெல்லாம் வெறும் வழியாகிவிடுகிறது. அக்கரை பச்சைக்கு ஆசைப்பட்டு இக்கரையில் கால் ஊன்றாமலே நடந்த நாட்கள் என் வாழ்க்கையில் நிறைய.

அக்காவுக்கு அந்த ஏமாற்றம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஆற்று நீரும் கடல் நீரும் சந்திக்கும் கோட்டில் போய் நின்றாள். "ஒரு கால்ல வெதுவெதுப்பு, ஒரு கால்ல சில்லுனு. வா, வந்து நில்லு." நின்றேன். ஆமாம். இடது கணுக்காலில் ஒரு நீர், வலது கணுக்காலில் வேறு நீர். அலை வரும்போது மாறிப்போகிறது. அடியில் மணல் பாதத்துக்குக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போகிறது, நாம் மூழ்குகிறோம். தொடுவானத்தைப் பார்த்தேன். கரையில் நிற்கும் ஓர் ஆளுக்கு அது 5 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரம்தான். எல்லையே இல்லாதது போலத் தெரிவது, எங்கள் ஒரு நாள் நடையில் பாதிகூட இல்லை.

கடல் வாசனை ஏதாவது தெரிகிறதா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவளே சொன்னாள், "இங்க ஒண்ணும் வரல. பரவால்ல."

ஏழாம் நாள்

திரும்பியாயிற்று. ரயிலில் பெரும்பாலும் தூங்கினோம். வீட்டு வாசலில் ஏழு நாள் தூசி. என் கதவைத் திறக்கப் போனவனை அக்கா தடுத்தாள்.

"மேல வா. என் வீட்டைத் திறக்கணும்."

சாமான்களைக் கீழேயே போட்டுவிட்டுப் படி ஏறினோம். சாவியை என்னிடம் கொடுத்தாள். "ஏழு நாளா மூடியிருக்கு. நீ விருந்தாளி. மொதல்ல நீ போ. போயிட்டு என் வீட்டுக்கு என்ன வாசனைன்னு சொல்லு. 14 மாசமா எனக்குத் தெரியல. அதுக்கு முன்னாடியும் நான் கவனிச்சதில்ல."

நான்காம் நாள் கூரைக்கடியில் நான் உளறியதை அவள் கேட்டிருக்கிறாள்.

கதவைத் திறந்தேன். இருட்டு. விளக்கைப் போடாமல் உள்ளே ஓர் அடி வைத்து, கண்ணை மூடி, அவளைப் போலவே குட்டிக் குட்டியாக இழுத்தேன்.

"பழைய காகிதம்."

"அலமாரில இருக்கிற புத்தகம். அப்புறம்?"

"மரம். வெயில்ல காஞ்ச மரம் மாதிரி. ஜன்னல் பக்கத்துல இருந்து."

"ம்."

"சோப்பு. துவைச்சு மடிச்ச துணி. அதுக்கு அடியில..." நிறுத்தினேன். தெரிந்த ஒன்று, பெயர் வரவில்லை. "அம்மாவோட பெட்டி. கட்டிலுக்குக் கீழ இருக்கே, அதுவா?"

பின்னால் சத்தம் இல்லை.

"அக்கா?"

"சொல்லு. இன்னும் இருக்கா?"

"இருக்கு. குறையுது."

"குறையறதுக்குள்ள சொல்லு," என்று அவளும் உள்ளே வந்து என் பக்கத்தில் இருட்டில் நின்றுகொண்டாள்.